வலது கால்

மக்காச்சோளக் காட்டின் நாலு மூலையிலும் கழி நட்டு நாலு சிடி தொங்கவிட்டிருந்தாள் செவ்வந்தி. காற்றில் அவை சுற்றும்போது வெயில் பட்டுத் தெறிக்கும். அந்தப் பளபளப்புக்குக் கிளிகள் கதிரில் இறங்காது. மூன்று சிடி கல்யாண வீடியோ எடுப்பவர் கழித்துப் போட்டவை. நாலாவது எங்கிருந்து வந்தது என்பது நவம்பர் கடைசி நாள் மத்தியானம்தான் அவளுக்கு நினைவு வந்தது. அதற்குள் பீரோ, டிரங்குப் பெட்டி, ரேஷன் கார்டு வைக்கும் மஞ்சப் பை, சாமி படங்களின் பின்புறம் எல்லாவற்றையும் தேடிக் கவிழ்த்திருந்தாள்.

போட்டது போட்டபடி காட்டுக்கு ஓடினாள். புயல் கரை கடந்து ஐந்து நாள் ஆகியும் வரப்பு காயவில்லை. மேற்கே கல்வராயன் மலை இடுப்பில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. மூலைக் கழி சாய்ந்து, சிடி சேற்றில் முகம் குப்புறக் கிடந்தது. முந்தானையில் துடைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் முழுக்கக் கீறல். மறுபக்கம் பேனாவில் எழுதியிருந்த பெயரும் வயதும் வெளுத்துப் போய், ஆஸ்பத்திரியின் வட்ட முத்திரை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

அவள் புருஷனுடைய மூளையின் படம் அதற்குள் இருந்தது. மூன்று மாதமாக அது கிளி ஓட்டிக்கொண்டிருந்தது.

மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை மாயவனுக்கு வலது கண் மங்கியது. டிராக்டரின் முகப்பு விளக்கில் பனி பிடித்திருக்கிறது என்று நினைத்து மூன்று முறை இறங்கித் துடைத்தான். நாலாவது முறை இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. கள்ளக்குறிச்சி கண் டாக்டர் பாண்டிச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே குழாய் மாதிரி இருந்த காந்த மிஷினுக்குள் தலையை விட்டுப் படம் எடுத்தார்கள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"படத்துல நாலு வெள்ளைப் புள்ளி இருக்கு. ஒரே ஒரு தடவ வந்தத வெச்சு நோய்க்குப் பேர் வெக்க முடியாது. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுக்கணும். புதுசா புள்ளி வந்திருந்தா நோய் உள்ள வேலை செஞ்சுகிட்டே இருக்குன்னு அர்த்தம். அப்புறம் மருந்த நிறுத்தாம போடணும். இந்தப் படத்தப் பத்திரமா வைங்க. பழசு கையில இருந்தாதான் புதுசு எதுன்னு தெரியும்."

பத்திரமாகத்தான் வைத்தாள். அப்புறம் ஊரடங்கு வந்தது. அந்த வார்டைக் கொரோனாவுக்கு எடுத்துக்கொண்டார்கள். கண்ணும் ஒரு மாதத்தில் தெளிந்துவிட்டது. கண் தெளிந்த வீட்டில் சிடிக்கு என்ன மரியாதை? ஆவணியில் மக்காச்சோளம் போட்டபோது பீரோவில் சும்மாக் கிடந்தது கழியில் ஏறிவிட்டது.

ஆனால் கண் போனதோடு நிற்கவில்லை. வெயில் ஏறினால் மாயவன் தள்ளாடினான். காலையில் ஆணி அடித்த மாதிரி நிற்பவன் பதினோரு மணிக்கு வரப்பில் கால் வைக்கத் தடுமாறுவான். கிணற்றில் இறங்கி அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் சரியாகிவிடும். பார்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றும். மலையடிவாரத்து ஊர். மேலே ஓடைக்கு ஓடை சாராயம் காய்ச்சுகிறார்கள். தள்ளாடுகிறவனை யாரும் நாடி பிடித்துப் பார்ப்பதில்லை.

செவ்வந்தியே நம்பினாள். டிராக்டர் சாமான் பெட்டியில் ஒரு கால் பாட்டில் இருந்ததை அவளே கண்ணால் பார்த்தாள். ஒரு நாள் கரும்புச் சோகைக்குள் ஒளிந்து நின்று கவனித்தாள். மாயவன் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் ஊற்றினான். கொப்பளித்துத் துப்பினான். சட்டைக் காலரில் இரண்டு சொட்டு தடவிக்கொண்டான். பாட்டிலை மூடி உள்ளே வைத்தான்.

அன்று அவன் சொன்னது அவளுக்கு அப்படியே மனதில் நிற்கிறது. "குடிகாரன்னா திட்டுவாங்க, செவ்வந்தி. ஆனா வண்டியக் குடுப்பாங்க. சாயங்காலம் தெளிஞ்சிடுவான்னு நெனச்சிப்பாங்க. சீக்காளின்னு தெரிஞ்சா? எவன் லோடு ஏத்தி அனுப்புவான்? நாலு பேரு குடிகாரன்னு சொல்லிட்டுப் போறான், வுடு."

ஊரே அவனைக் குடிகாரன் என்றது. அன்றிலிருந்து அவளும் சேர்ந்து திட்டினாள். இரண்டு பேர் மட்டும் அறிந்த வேஷம்.

பாண்டிச்சேரி டாக்டர் போனிலேயே பேசி மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் தேதி வாங்கித் தந்திருந்தார். டிசம்பர் ஒன்றாம் தேதி, மத்தியானம் இரண்டு மணி. விட்டால் அடுத்த தேதி பங்குனியில்தான். 

சிடியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் பைக் நின்றது. டிராக்டர் முதலாளி சின்னதுரை. நாற்பத்தைந்து வயது, ஆறு ஏக்கர் கரும்பு, ஊரில் சாதிச் சங்கத்துக் கிளைக்கு அவர்தான் பொறுப்பு.

"இன்னாடா மாயவா, நாளைக்கி வேன்ல ஏறுறல்ல? வூட்டுக்கு ஒரு ஆளுன்னு பேசி முடிவு பண்ணது. இருவது சதவீத எடஒதுக்கீடு சும்மா வூடு தேடி வராது."

"நாளைக்கித்தான் மெட்ராஸ்ல கண்ணாசுபத்திரிக்குத் தேதி குடுத்துகிறாங்கண்ணா. மாசியில வந்துச்சே, அந்தக் கண்ணுக்கு."

"அட, அப்ப நல்லதாப் போச்சி. நம்ம வேனும் மெட்ராஸுக்குத்தான போவுது? ஒம்பது மணிக்கி போய் எறங்குவம். ஒரு மணி நேரம் கோஷம் போடு, அப்பறம் ஆசுபத்திரிக்கிப் போ. செவ்வந்தியும் ஏறிக்கட்டும். பஸ்சுல போயி ஏன் சீரழியணும்?"

மாயவன் மனைவியைப் பார்த்தான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். கேட்டால் ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக் கொடுக்க வேண்டும்.

"வர்றம்ணா," என்றாள் செவ்வந்தி.

"எங்கப்பன் எம்பத்தேழுல இதே ரோட்டுல புளிய மரத்த வெட்டிப் போட்டுட்டு ஜெயில்ல களி தின்னாரு. நமக்கு சொகுசா வேனு." சின்னதுரை பைக்கை உதைத்தார். "டேய், பாட்டிலு கீட்டிலு எடுத்துகினு ஏறிடாத. மானத்த வாங்கிடாத."

மாயவன் சிரித்தான். குடிக்கிறவன் மாட்டிக்கொண்டால் எப்படி அசடு வழியச் சிரிப்பானோ அப்படியே சிரித்தான். அதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

வேன் நாலரை மணிக்குப் புறப்பட்டது. பதினாறு பேர். பெண்களில் செவ்வந்தியை விட்டால் பக்கத்து வீட்டு அம்சவள்ளி. வாய்க்குப் பூட்டில்லாதவள். எல்லார் முகத்திலும் கொடி நிறத்தில் தைத்த மாஸ்க். பனையோலைக் கூடையில் இட்லி, கெட்டிச் சட்னி. கள்ளக்குறிச்சி தாண்டும்போதே அம்சவள்ளி கூடையைத் திறந்துவிட்டாள்.

"மாயவன் தம்பிக்கி ரெண்டு ஜாஸ்தியா வையி. ராத்திரி ஊத்துனது வயித்துல எரியும்."

"ராத்திரி ஊத்தலக்கா. நீ குடிச்சிட்டு மீதி வெக்கலியே," என்றான் மாயவன்.

வேன் சிரித்தது. செவ்வந்தி இட்லியைப் பிட்டுக்கொண்டே அவன் வலது கையைக் கவனித்தாள். விரல்கள் சரியாகத்தான் இருந்தன. விடியற்காலைக் குளிரில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று உளுந்தூர்பேட்டை வரை வேண்டிக்கொண்டே வந்தாள். திருநாவலூர்ப் பிரிவு வந்தபோது கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

திண்டிவனம் தாண்டி ஒரு டோல்கேட்டில் வேனை நிறுத்திவிட்டார்கள். மணி ஏழரை.

முன்னால் நாற்பது ஐம்பது வண்டி. எல்லாம் கொடி கட்டிய வண்டிகள். இரும்புத் தடுப்பு, லத்தி, ஒலிபெருக்கி. போராட்டத்துக்குப் போகிற வண்டி எதுவும் மெட்ராஸுக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவாம். சின்னதுரை இறங்கிப் போய்ப் பேசினார், திரும்பி வந்தார், மறுபடி போனார். எட்டரைக்கு ஆட்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது பஸ்ஸும் நின்றது. தாம்பரம் பக்கம் ரயில் மேல் கல் விழுந்ததாக யாருக்கோ போன் வந்தது. செய்தி வரிசையில் பரவப் பரவப் போலீஸ்காரர்களின் முகம் இறுகியது.

மேகம் விலகிவிட்டது. ஒரு வாரம் காணாத வெயில், சேர்த்து வைத்ததையெல்லாம் தார் ரோட்டில் கொட்டியது. பத்து மணிக்கு மாயவன் வேனின் நிழலில் உட்கார்ந்திருந்தான். பத்தரைக்கு நிழல் சக்கரத்துக்குள் போய்விட்டது. செவ்வந்தி தண்ணீர் பாட்டிலை அவன் தலையில் கவிழ்த்தாள்.

"கண்ணு?" என்று காதோரம் கேட்டாள்.

"பொகையா இருக்குது. காலு…" அவன் முடிக்கவில்லை. "மணி இன்னா?"

"பத்தே முக்கால்."

"இன்னும் எம்மாந் தூரம்?"

"நூறு கிலோமீட்டரு இருக்கும்ன்றாங்க."

ஒலிபெருக்கியில் எல்லாரையும் எழுந்து ஓரமாகப் போகச் சொன்னார்கள். கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைக்கப் போகிறார்களாம். வேனில் வந்தவர்கள் எழுந்தார்கள். மாயவனும் எழுந்தான். இரண்டு எட்டு வைத்தான். மூன்றாவதில் வலது பாதம் தரையைத் தேடி வேறு எங்கோ போக, முன்னால் நின்ற போலீஸ்காரர் மேல் சாய்ந்தான்.

"காலையிலயே ஏத்திட்டு வந்துட்டியா?" இன்ஸ்பெக்டர் திரும்பினார். "எந்த ஊரு?"

"கள்ளக்குறிச்சிப் பக்கம் சார்," என்றார் ஒருவர்.

"கல்வராயன் மலைச் சரக்கா? அதான் இந்த ஆட்டம். ஊதச் சொல்லவும் முடியாது, கொரோனா." ரோட்டோரம் போட்டிருந்த வெள்ளைக் கோட்டை லத்தியால் காட்டினார். "இது மேல நட. நேரா பத்தடி நட, வுட்டுடறேன்."

மாயவன் கோட்டில் நின்றான். காலைத் தூக்கினான். தூக்குவதில் குறையில்லை. எங்கே வைப்பது என்பதுதான் அந்தக் காலுக்குத் தெரியவில்லை. நாலாவது அடியில் கோடு ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான். அம்சவள்ளி மட்டும் முதலில் சிரித்தாள், அப்புறம் பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டாள்.

"சார், சார், அவன் அப்பிடித்தான் சார்." சின்னதுரை ஓடி வந்தார். "நல்ல டிரைவரு. கொஞ்சம் போடுவான், அவ்வளவுதான். நாங்க பாத்துக்கறம்."

"டிரைவரா?" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "மொதல்ல இவன ஏத்துங்கய்யா வண்டியில. சாயங்காலம் ஆறு மணிக்கி மண்டபத்துலர்ந்து வுடுங்க, தெளிஞ்சிருப்பான்."

ஆறு மணி. செவ்வந்தியின் கை தானாகப் பைக்குள் போய் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிடித்தது. மாயவன் அதைப் பார்த்துவிட்டான். தலையை அசைத்தான். வேண்டாம். சின்னதுரை இரண்டடி தள்ளித்தான் நிற்கிறார். 

பங்குனி வரை இன்னும் நாலு மாதம். நாலு மாதத்துக்குள் அந்தக் கால் என்னவாகும்? அவன் தலை இன்னும் அசைந்துகொண்டிருக்கும்போதே அவள் தடுப்பின் அந்தப் பக்கம் நின்ற பெண் போலீஸிடம் போய்விட்டாள்.

"மேடம், கொஞ்சம் இப்பிடி வாங்களேன். அவரு குடிக்கல. ஆசுபத்திரிக்கிப் போறம். மெதுவா சொல்லுங்க மேடம், யாருக்கும் தெரியாது."

அந்த அம்மாளுக்கு மெதுவாகப் பேசி வழக்கமில்லை போலிருக்கிறது. சீட்டை வெயிலில் தூக்கிப் பிடித்து, "சார்! இது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சார், மூளைக்கி! ரெண்டு மணிக்கி டைம் போட்ருக்கு!" என்று ரோட்டின் அந்தக் கோடி வரை கேட்கும்படி கத்தினார்.

இன்ஸ்பெக்டர் சீட்டை வாங்கிப் படித்தார். லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார். குரல் இறங்கியிருந்தது. ஆம்புலன்ஸ், பால் வண்டி, ஆக்சிஜன் வண்டி மட்டும் போவதற்கு ஒரு வழி விட்டிருந்தார்கள். சிலிண்டர் ஏற்றிய ஒரு மினி லாரியைக் கை காட்டி நிறுத்தினார். "பாய், இவங்க ரெண்டு பேரையும் மெட்ராஸ்ல வுட்ருங்க."

ஏறப் போகும்போது சின்னதுரை பக்கத்தில் வந்தார். மாஸ்க்கைக் கீழே இழுத்தார்.

"மூளைக்கா? கண்ணுன்னு சொன்ன?"

மாயவன் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்: "கண்ணு நரம்பு மூளையிலர்ந்துதானண்ணா வருது. அத்தப் பாக்கணுமாம்."

"ஓ." சின்னதுரை யோசித்தார். நம்பிவிட்டார். "சரி, பாத்து போ. நாளையிலர்ந்து பொழுதோட ஊத்தறதக் கம்மி பண்ணு, கண்ணுக்கும் நல்லது. லோடப் பத்திக் கவலப்படாத. இன்னிக்கி அய்யப்பன ஏத்தி வுட்ருக்கன். அவன் லாரி கெடையா நிக்குது, சும்மாத்தான வூட்ல கெடக்கறான்."

மாயவனின் முகம் மாறியது. "நம்ம வண்டியிலயா?"

"வேற எந்த வண்டியில? கரும்பு வெட்டு உத்தரவு இன்னிக்கித்தான். அஞ்சு மணிக்குள்ள ஆலைக்கிப் போவணும். ஏறு, ஏறு."

லாரி கிளம்பியது. தன் இடத்தில் இன்னொருத்தன் உட்காருகிறானே என்ற சங்கடம் என்றுதான் செவ்வந்தி நினைத்தாள். "ஒரு நாளுதான மாமா," என்றாள். பின்னால் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று முட்டி மணி மாதிரி சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. செங்கல்பட்டு வருவதற்குள் மூன்று முறை மணி கேட்டான்.

ஆஸ்பத்திரியில் ஒன்றே முக்காலுக்கு இறங்கினார்கள். கீழ்த்தளம். ஐஸ் அறை போலக் குளிர். செவ்வந்திக்கு நடுங்கியது, மாயவனோ அந்தக் குளிரில் ஐந்து நிமிடம் உட்கார்ந்ததும் நேராக எழுந்து நின்றான். மிஷின் இருக்கும் அறைக்குள் உலோகம் எதுவும் ஆகாது என்றார்கள். அரையில் கிடந்த வெள்ளி அரைஞாணைக் கழற்ற முடியவில்லை. கொண்டி இறுகிப் போயிருந்தது. கடைசியில் கத்தரிதான். கத்தரித்த கொடியைக் கைக்குட்டையில் வைத்துக் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அறையில் இருந்த பையன் மாதிரியான டெக்னீஷியன் சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டான், எடுத்தான், துடைத்தான், மறுபடி போட்டான்.

"ஓபன் ஆகலம்மா. இவ்வளவு கீறல் எப்படி?"

"கிளி ஓட்டக் கட்டி வுட்டுட்டன் தம்பி. தெரியாம."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஓடிச்சா?"

"பாதி ஓடிச்சி."

"பரவால்ல விடுங்க. ஊசியில ஒரு மருந்து ஏத்தி எடுப்போம். பழைய புள்ளி அத எடுத்துக்காது. சமீபத்துல வந்த புள்ளி மட்டும் மருந்த உறிஞ்சிட்டுப் பளிச்சுனு தெரியும். பழைய படம் இல்லாட்டியும் டாக்டர் கண்டுபிடிச்சிருவாங்க."

சிடியைச் சேற்றில் எடுத்ததிலிருந்து இருந்த பாரத்தில் ஒரு பக்கம் இறங்கியது. கதவு மூடியது. உள்ளே யாரோ தகரத்தில் சம்மட்டி போடுகிற மாதிரி சத்தம் வந்தது. நிற்கும், மறுபடி வேறு தாளத்தில் தொடங்கும். முக்கால் மணி நேரம். வெளியே வந்தவனுக்கு முதல் பேச்சு: "மணி இன்னா?"

"மூணு. ஏன் மாமா சும்மா சும்மா மணி கேக்கற?"

"ஒண்ணுமில்ல."

கையோடு கட்டி வந்த புளிச்சோற்றை அவன் தொடவில்லை. கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். ஒருமுறை எண்ணைத் தேடி எடுத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அணைத்தான்.

நாலு மணிக்கு மேல் கூப்பிட்டார்கள். டாக்டர் ஜெயசுதா வயதில் சின்னவர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். திரையில் மாயவனின் தலை குறுக்கே வெட்டி வைத்த மாதிரி நின்றது. சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாக, நடுவில் அங்கங்கே வெள்ளை. கிளி கொத்திவிட்டுப் போன கதிர் மாதிரி இருந்தது செவ்வந்திக்கு.

"இது பழைய புள்ளிங்க. பாண்டிச்சேரி டாக்டர் எழுதின அதே எடம். இங்க பாருங்க, இது புதுசு. இதுவும் புதுசு." டாக்டர் இரண்டு இடத்தைத் தொட்டுக் காட்டினார். மருந்து ஏறிய அவை வெயில்பட்ட கண்ணாடிச் சில்லாக மின்னின. "இது பின் மூளைப் பக்கம். நடக்கறப்ப தள்ளாட்டம் வருதே, அதுக்கு இதுதான் காரணம். இனிமே சந்தேகமில்ல. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு பேரு. உங்க உடம்போட காவல் படையே உங்க நரம்பு மேல இருக்கற உறைய அரிக்குது."

"சாவற நோயா டாக்டர்?" செவ்வந்தி கேட்டாள்.

"இல்லம்மா. ஆனா திரும்பத் திரும்ப வர்ற நோய். வரும்னு இந்தப் படம் சொல்லுது. எப்ப வரும், கண்ணுக்கா கைக்கா எதுக்கு வரும்னு படத்தால சொல்ல முடியாது. மருந்து ஆரம்பிச்சா வர்ற தடவைங்க நல்லாக் குறையும். இன்னிக்கே அட்மிட் ஆகணும். மூணு நாளைக்கு டிரிப்ஸ்ல ஊசி மருந்து போகும்." டாக்டர் கோப்பைப் புரட்டினார். "டிராக்டர் ஓட்டறதா எழுதியிருக்கு. எப்ப நிறுத்தினீங்க?"

மாயவன் தரையைப் பார்த்தான்.

"நிறுத்தல டாக்டர்," என்றாள் செவ்வந்தி.

டாக்டர் நாற்காலியைத் திருப்பினார். எழுந்து வந்து, மாயவனின் கண்ணை மூடச் சொல்லி, வலது காலின் கட்டை விரலை மேலும் கீழும் அசைத்தார். "இப்ப மேலயா, கீழயா?"

"மேல."

கீழே இருந்தது. நாலு முறை கேட்டார். மூன்று முறை தப்பு.

"இந்தக் கால்தான பிரேக் மிதிக்கணும்? அது பெடல் மேல இருக்கா இல்லையான்னே உங்களுக்குத் தெரியாதே. இத்தன மாசம் எப்படி ஓட்டுனீங்க?"

"ஆக்சிலேட்டருக்குக் கை லிவரு இருக்குது டாக்டர். பிரேக்கு மட்டுந்தான்…" அவன் தன் வலது காலைப் பார்த்தான். "காலு வெச்சது தெரியல. அதனால ராடை முறுக்கி டைட் பண்ணி வெச்சிருக்கன். லேசா பட்டாலே கவ்விடும். மெதுவா, செருப்பு முனையால தட்டுவன். எனக்குப் பழகிப் போச்சி. ஒரு தடவ கூட எதுவும்…"

அங்கே நிறுத்திவிட்டான்.

செவ்வந்தி அவனையே பார்த்தாள். காலையிலிருந்து அவன் கேட்ட மணிகள் எல்லாம் அவளுக்குள் ஒன்றன் பின் ஒன்றாக அடித்தன. அய்யப்பன் பத்து வருஷமாக லாரி ஓட்டுகிறவன். லாரி பிரேக்கை ஏறி மிதித்துத்தான் அவனுக்குப் பழக்கம். பின்னால் ஏழெட்டு டன் கரும்பு. டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. ஆலைக்குப் போகும் வழியில் அணைக்கட்டு மேட்டிலிருந்து இறங்கும்போது அவன் வழக்கம் போல ஒரே மிதி மிதித்தால் டிராக்டர் அப்படியே நின்றுவிடும், கரும்பு நிற்காது. டிரெய்லர் முன்னால் வந்து வண்டியை மடித்துப் போட்டுவிடும்.

"மாமா." அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அய்யப்பண்ணங்கிட்ட சொன்னியா?"

"எப்பிடி சொல்லுவன்? சொன்னா ஏன்னு கேப்பான்."

"அவருக்கு மூணு புள்ளைங்க."

"தெரியும்."

"காலையிலர்ந்து தெரியுமா?"

அவன் கைப்பேசியை எடுத்தான். டாக்டர் ஒன்றும் கேட்காமல் எழுந்து கதவைச் சாத்தினார்.

அய்யப்பனுக்கு மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. டிராக்டர் ஓடும்போது காதுக்குள் இடியே விழுந்தாலும் கேட்காது. இரண்டாவது முறை. மூன்றாவது முறை. நாலு இருபத்தைந்து. மாயவன் வேறு எண்ணைப் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தார்கள். பின்னால் கல்யாண மண்டபம் முழங்கியது. நூறு குரல் ஒன்றாக இருபது சதவீதம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மாயவனா? ஆசுபத்திரி வேல ஆச்சா? எங்கள இன்னும் வுடலடா, சோறு கூட…"

"அண்ணா, அய்யப்பன் எங்க இருக்கான்?"

"லோடு கெளம்பியாச்சின்னு இப்பத்தான் வெட்டு ஆளு போன் பண்ணான். ஏன்?"

"மேட்டுக்கு முன்னாடி நிறுத்தச் சொல்லு. இப்பவே சொல்லு. எறங்கக் கூடாது. பிரேக்கு டைட்ல கீது. அவன் மிதிச்சான்னா மடிச்சிப் போட்டுடும்."

"யாரு டைட் பண்ணது?"

"நான்தாண்ணா."

"எதுக்குடா?"

மாயவன் செவ்வந்தியைப் பார்த்தான். அவள் தலையை அசைக்கவில்லை, எதுவும் செய்யவில்லை.

"என் வலது காலு பெடல் மேல கீதா, இல்லியான்னு எனக்கே தெரியலண்ணா. நான் குடிக்கல. ஒரு நாளும் குடிச்சதில்ல. எனக்கு நோயி."

கோஷம் மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

உட்கார்ந்திருந்தார்கள். திரையில் அந்த இரண்டு புள்ளிகள் இன்னும் மின்னிக்கொண்டிருந்தன. டாக்டர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். செவ்வந்தி மனதுக்குள் ரோட்டை ஓட்டிப் பார்த்தாள். காட்டு வழி, பம்பு செட்டு, பெரிய வாய்க்கால் பாலம், ஒற்றைப் பனை, அப்புறம் மேடு. போன் போகிற வேகம் பெரிதா, டிராக்டர் போகிற வேகம் பெரிதா? சுவர்க் கடிகாரத்தில் நாலரை ஆனது. நாலு முப்பத்தாறு ஆனது.

போன் அடித்தது. மாயவனால் அதைக் காதுக்குக் கொண்டு போக முடியவில்லை. செவ்வந்தி ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"நிறுத்திட்டான்." சின்னதுரைக்கு மூச்சு வாங்கியது. மண்டபத்துச் சத்தம் தூரத்தில் கேட்டது. வெளியே வந்து நிற்கிறார் போல. "பால்காரனுக்குப் போன் போட்டன், அவன் பைக்குல வெரட்டிப் போயி மறிச்சான். அய்யப்பன் மேட்டுல ஏறிட்டானாம். உச்சியில நிக்குது வண்டி. கல்லு போட்டு நிறுத்தியாச்சி."

மாயவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"எத்தினி நாளா?" என்றார் சின்னதுரை.

"மாசியிலர்ந்துண்ணா. காலு ஆனியிலர்ந்து."

"ஆனியிலர்ந்து." அந்தப் பக்கம் அவர் மாதங்களை எண்ணுவது கேட்டது போலிருந்தது. "ஆடியில, ஊரடங்குல ஒரு வண்டியும் கெடைக்கலன்னு, எம் மவள பிரசவ வலியோட அந்த டிராக்டர்லதான்டா ஏத்தி அனுப்பினன். நீதான ஓட்டினு போன? அந்த மேட்டுல எறங்கித்தான போன?"

"ஆமாண்ணா."

"தெரிஞ்சேவா?"

கதவைத் தட்டிவிட்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். சக்கர நாற்காலி வெளியே வந்திருந்தது. டாக்டர் கையைக் காட்டி அவளை நிற்கச் சொன்னார்.

"தெரிஞ்சேதாண்ணா," என்றான் மாயவன்.

கைப்பேசி மேசை மேல் கிடந்தது. அதில் அழைப்பின் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் அதை அணைக்கவில்லை.